லாம்

ராயக்கோட்டை மண்டியில்
விடிகாலை மூன்றரைக்கு முதலில் எழுவது என் குரல்.
நூத்தி இருபது, நூத்தி இருபது, முப்பது உண்டா,
கெலமங்கலத்துப் பெட்டி, காய் கல்லு மாதிரி, முப்பது.
முப்பத்தோரு வருடம் தக்காளி விற்றவன்
வீட்டுக்கு ஒரு பழம் கொண்டுபோனதில்லை.
தின்றால் சிறுநீரகத்தில் கல் வருமென்று
யாரோ சொன்னதை நம்பினேன்.
கல் வரவில்லை.
அதற்குக் கீழே, ஆண்கள் பெயர் சொல்லக் கூசுகிற சுரப்பியில்
வேறொன்று வந்தது.

கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரி.
ரத்தச் சீட்டில் நாற்பத்தாறு என்றிருந்தது.
பழக்கதோஷம்,
ஐம்பது உண்டா என்று வாய்வரை வந்துவிட்டது.
டாக்டர் நிலோஃபர் மெதுவாகச் சொன்னார்:
"ஆம்பளைக்குச் சுரக்கிற ஹார்மோனைத் தின்னுதான் இது வளருது.
அதை நிறுத்தணும். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி."

நிறுத்தினார்கள்.
சும்மா உட்கார்ந்திருக்கும்போதே
நெஞ்சில் அடுப்பு பற்றி முகத்துக்கு ஏறும்.
சட்டை நனையும்.
பத்து வருடத்துக்கு முன் ருத்ரம்மாவுக்கு இது வந்தபோது
மார்கழியில் ஃபேன் எதுக்குடி என்று கத்தியவன் நான்.
அவள் அதை எடுக்கவேயில்லை.
துண்டை நனைத்துப் பிழிந்து என் பிடரியில் போட்டு,
"ரெண்டு நிமிஷந்தான்.
வாயை மூடிக்கிட்டு எண்ணு. போயிடும்."

மச்சான் சீனப்பா போனில் ஒரு வீடியோ காட்டினான்.
தக்காளிச் சிவப்பே மருந்தாம்,
தினம் பத்து பச்சையாய்த் தின்றால் ஊசியே வேண்டாமாம்.
போன ஆவணியில் பெட்டி நாற்பதுக்கு விழுந்தபோது
ரோட்டோரம் டிராக்டர் டிராக்டராய்க் கொட்டினோமே,
மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்ததே,
அதுவா?

அடுத்த ஊசி நாளில்
பொறுக்கியெடுத்த ஐந்து கிலோவோடு போனேன்.
"இது போதும்னா ஊசி வேண்டாம்."
டாக்டர் ஒரு பழத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.
"இந்தச் சிவப்புக்குப் பேர் லைகோபீன்.
நிறைய சாப்பிடுறவங்களுக்கு இந்த நோய்
குறைச்சலா வருதுன்னு சில ஆய்வு சொல்லுது.
அப்படி ஒண்ணுமில்லன்னும் சில ஆய்வு சொல்லுது.
தடுக்கலாம். உதவலாம்.
வந்த நோயை இது மட்டும் மாத்தும்னு யாராலும் சொல்ல முடியாது.
சாப்பிடுங்க. ஊசியும் போடுங்க."

லாம்.
என் பிழைப்பே அந்த இரண்டு எழுத்தில்தான்.
நாளைக்கு ஏறலாம்.
பெங்களூர் வண்டி வரலாம்.
ராத்திரி மழை பூவை உதிர்க்கலாம்.
லாமை நம்பி விதைக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.
லாமை மட்டுமே நம்பி
மகளுக்குக் கல்யாண மண்டபம் பிடித்தவனையும்
அவன் நிலம் கைமாறியதையும் பார்த்திருக்கிறேன்.
அதன்மேல் எவ்வளவு எடை வைக்கலாம் என்று
எனக்கு எவனும் சொல்லவேண்டாம்.
சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன்.

இரவு, களிக்குத் தக்காளிக் கொத்சு.
"பச்சையா தின்னா அந்தச் சிவப்பு உடம்புல சரியா சேராதாம்,
எண்ணெயில வதங்கணுமாம்" என்றேன், கண்டுபிடித்தவன்போல.
ருத்ரம்மா கரண்டியை நிறுத்தினாள்.
"முப்பது வருஷமா எனக்கு மட்டும் அப்படித்தான் வதக்கிக்கிறேன்.
மண்டிக்காரன் பொண்டாட்டி,
கடையில காசு கொடுத்து வாங்கி."

இப்போது சித்திரை.
இந்த வெயிலில் பழத்துக்கு நிறம் ஏறாது.
மஞ்சளிலேயே நின்றுவிடும், பழுத்தும்.
இன்று ஏலத்தின் நடுவில்,
நூத்தி எண்பது என்று சொல்லி முடிக்கையில்
அடுப்பு பற்றியது.
துண்டைப் பிடரியில் போட்டேன்.
வாயை மூடினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
முப்பது பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள்.
விலை பிடிக்காமல் முறைக்கிறேன் என்று நினைத்து
ஓசூர்க்காரன் ஒருவன்
தொண்டையைச் செருமிக்கொண்டு
பத்து ரூபாய் ஏற்றிக் கேட்கிறான்.
நான் நாற்பத்தொன்றில் இருக்கிறேன்.
இன்னும் எண்ணலாம்.